சக்கரம் உதறினால்

வண்டி 80 வரை அமைதியாக ஓடுகிறது. 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கிறது. 110-ஐத் தாண்டினால் நடுக்கம் அடங்கிவிடுகிறது. டயர் கடையில் சொன்னால், "பேலன்சிங் பண்ணிடலாம் சார்" என்கிறார்கள். பண்ணியும் ஆகிறது. மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினால் அதே 90-இல் அதே நடுக்கம். மறுபடியும் கடை, மறுபடியும் மெஷின், திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம். "மெஷின் ஜீரோ காட்டுது சார். இனிமே சஸ்பென்ஷன்தான் பார்க்கணும்." லோயர் ஆர்ம், புஷ், பேரிங் என்று தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் செலவு தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மெஷின் பொய் சொல்லவில்லை. தன் தண்டில் மாட்டியிருந்த சக்கரத்தைப் பற்றி அது சரியாகத்தான் சொன்னது. அதே சக்கரம் வண்டியின் ஹப்பில் எப்படி உட்காரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. மெஷினின் தண்டு, வண்டியின் ஹப் இரண்டிலும் சக்கரம் நடுமையத்தில் உட்கார்ந்தால்தான் சமன் செய்ய ரிம்மில் ஒட்டிய ஈயத்துக்குப் பலன் உண்டு. இந்த அத்தியாயத்தில் ஈயம் ஒட்டுவதைவிடச் சக்கரத்தை மாட்டுவதைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

50 கிராம் என்ன செய்யும்?

சிறிய கார்களில் பரவலாக உள்ள 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 62 செ.மீ. அளவு. ஒரு முழுச் சுற்றுக்கு 1.95 மீட்டர் ஓடும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் 50 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏழரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். அதனால் 50 கி.மீ.-இல் அதே 50 கிராம் 2 கிலோ அளவுக்குக்கூட இழுப்பதில்லை. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் இருப்பது இதனால்தான்.

90-இல் வந்து 110-இல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சக்கரமும் ஹப்பும் ஆர்மும் சேர்ந்த தொகுதிக்கென்று இயல்பான ஆட்ட வேகம் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை. சக்கரம் சுற்றும் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகும்போது சின்ன இழுப்பும் பெரிய உதறலாகிவிடும். அந்த வேகத்தைத் தாண்டியதும் ஒத்திசைவு கலைந்து ஸ்டியரிங் அமைதியாகிறது. ஆனால் விசை குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போகிறது. அதைப் பேரிங்கும் ஷாக் அப்சர்பரும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. "120-இல் போனா ஸ்மூத்தா இருக்கு" என்று அப்படியே ஓட்டிவருபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எங்கே தெரிகிறது, எப்போது தெரிகிறது?

கடைக்குப் போகும் முன் நீங்களே கவனித்துக் குறித்துவைக்க வேண்டியவை சில. நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்சக்கரம். முன்சக்கரம் இரண்டை மட்டும் பேலன்சிங் செய்துகொண்டு திரும்புபவர்கள் அதிகம். நான்கையும் செய்யுங்கள். அடுத்த முறை சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடும்போது பின்னால் ஒளிந்திருந்த கோளாறு முன்னால் வந்துவிடும்.

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் உதறினால் குறை டிஸ்க்கில். ஆக்சிலரேட்டரை மிதித்து வேகமெடுக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் ஈயம் ஒட்டிப் பயனில்லை. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி முதல் சில கிலோமீட்டருக்கு மட்டும் கடகடத்து, டயர் சூடானதும் சரியாகிவிட்டால், தரையில் அழுந்தியிருந்த இடம் தட்டையாகியிருக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியதில்லை.

20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி ஒரு பக்கமாகத் தள்ளாடுகிறதா? உடனே நிறுத்திப் பாருங்கள். ரிம் நன்றாக நெளிந்திருக்கலாம், வீல் நட் தளர்ந்திருக்கலாம், டயருக்குள் கம்பிப் பட்டை பிரிந்திருக்கலாம். கம்பி பிரிந்த டயர் எந்த நேரமும் வெடிக்கும். அதோடு நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது.

வீல் அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் ஒரே வேலையாக நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கடைகளும் இரண்டையும் சேர்த்தே விலை சொல்கின்றன. அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். 90-இல் வந்து போகும் நடுக்கத்துக்கு அலைன்மென்ட் மருந்தல்ல. நைட்ரஜன் காற்றும் அப்படித்தான்.

தரையில் உட்கார்ந்து பாருங்கள்

பணம் செலவழிக்காமல் பிடிக்கக்கூடிய காரணங்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம். ரிம்மின் உட்புறக் குழிவுக்குள் கை விட்டுத் தடவுங்கள். மழை நாளில் கரிசல் மண் பாதையில் போய்வந்த வண்டியில் சேறு அப்பி, காய்ந்து கல்லாகியிருக்கும். கைப்பிடி அளவு காய்ந்த மண்ணே 100 கிராமுக்கு மேல் வரும். அதைச் சுரண்டித் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். மண்ணோடு பேலன்சிங் செய்த சக்கரத்திலோ, மண் உதிர்ந்த நாளிலிருந்து புதுக் கோளாறு தொடங்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் உட்புறத்தைக் கழுவியே ஆக வேண்டும்.

அடுத்து ஈயம். ரிம்மைச் சுற்றிப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் அழுக்கில்லாத செவ்வகத் தடம் தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த வெயிட் விழுந்துவிட்டது. பிறகு டயரின் பக்கச் சுவர். உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்த டயரில் கோழிமுட்டை அளவு வீக்கம் உள்பக்கத்திலும் இருக்கலாம். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். பஞ்சர் ஆகாமலிருக்க டயருக்குள் திரவம் ஊற்றியிருந்தால் அதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். திரவம் உள்ளே தேங்கி இடம் மாறும் சக்கரத்தை எந்த மெஷினாலும் நிலையாகச் சமன் செய்ய முடியாது.

ரிம் நெளிவை வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு கியரை நியூட்ரலில் வையுங்கள். முன்சக்கரத்தால் ஓடும் வண்டியில் பின்சக்கரத்தைத் தூக்கினால் கியரில் வைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். தரையில் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் பென்சிலை வைத்து, முனை ரிம்மின் ஓரத்தை உரசும் அளவுக்கு நகர்த்திச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி எங்கே கூடுகிறது, எங்கே உரசுகிறது என்று கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணில் பட்டால் அந்த ரிம்மைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரும்பு ரிம்மைப் பெண்டு எடுக்கலாம். அலாய் ரிம்மைச் சூடாக்கி அடித்து நிமிர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அது திரும்பி வரலாம்.

எந்தச் சக்கரம் என்று பிடிக்க எளிய வழி ஸ்டெப்னி. அதே அளவு ஸ்டெப்னி இருந்தால் முதலில் இடது முன்சக்கரத்துக்குப் பதிலாக மாட்டி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், பிறகு வலது. இப்போது பல வண்டிகளில் வரும் சிறிய ஸ்டெப்னிக்கு 80 கி.மீ. வேக வரம்பு உண்டு. அதை வைத்து இந்தச் சோதனை செய்யக் கூடாது. அப்படியானால் முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குறை சக்கரத்தில். சக்கரம் மாறியும் நடுக்கம் அதே இடத்தில் நின்றால் ஹப்பில்.

மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்

பேலன்சிங் நடக்கும்போது தள்ளிப்போய் டீ குடிக்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பழைய ஈயம் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகுதான் சக்கரம் மெஷினில் ஏற வேண்டும். அடுத்தது, சக்கரத்தின் நடுத்துளையில் நுழைக்கும் கோன். ஹப்பில் பொருந்துவது நடுத்துளையின் உள்பக்க விளிம்பு. ஆகவே பெரும்பாலான ரிம்களில் உள்பக்கத்திலிருந்து கோன் வருவதே சரி. வெளிப்பக்க விளிம்பு அழகுக்காகச் செதுக்கப்பட்டது, மையம் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. துளையில் துருவோ பெயின்டோ இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிறகு மூன்று அளவுகள்: மெஷினிலிருந்து ரிம் எவ்வளவு தூரம், ரிம்மின் அகலம், ரிம்மின் விட்டம். முந்தைய வண்டியின் அளவுகள் திரையில் அப்படியே இருக்க, உங்கள் சக்கரத்தைச் சுழற்றினால் வரும் எண் உங்கள் சக்கரத்துக்குரியதல்ல. அகலத்தைக் காலிப்பர் வைத்து அளக்கிறார்களா என்று பாருங்கள். அலாய் ரிம்முக்கு உள்ளே ஒட்டும் ஈயம் என்றால் மெஷினிலும் அதற்கான முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரத்தில் கிளிப் போடும் முறையில் கணக்கெடுத்து, வேறு இடத்தில் ஒட்டுவது தினமும் நடக்கிறது.

இன்னொன்று. பல மெஷின்கள் 5 கிராமுக்குக் கீழே இருப்பதைப் பூஜ்யம் என்றே காட்டும். மீதியைப் பார்க்கத் தனிப் பொத்தான் உண்டு. ஆபரேட்டருக்குத் தெரியும், கேட்டால் அழுத்திக் காட்டுவார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மனம் சமாதானமாகவில்லை என்றால் ஒரே ஒரு சோதனை போதும். பூஜ்யம் வந்த சக்கரத்தைத் தளர்த்தி, கோனையும் தண்டையும் அப்படியே வைத்து, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். "தம்பி, இன்னொரு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. திரும்பவும் பூஜ்யமோ 5 கிராமோ வந்தால் மாட்டியது சரி. 15, 20 என்று வந்தால் சக்கரம் மெஷினின் மையத்திலேயே உட்காரவில்லை. அதுவரை ஒட்டிய ஈயத்தில் ஒரு பகுதி அந்த மாட்டல் கோளாறைத்தான் சமன் செய்திருக்கிறது. வண்டியில் மாட்டியதும் அந்த ஈயமே புதுச் சமனின்மையாகிவிடும்.

சின்ன ரிம்முக்கு 80, 100 கிராம் என்று மெஷின் கேட்டால் உடனே ஈயப்பட்டையை வெட்டக் கூடாது. காற்றை இறக்கி, டயரை ரிம்மின்மேல் அரைச் சுற்று நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். வால்விலிருந்து பார்க்கையில் கனமான இடம் டயரோடு நகர்ந்தால் குறை டயரில். நகராமல் நின்றால் ரிம்மில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் இப்படித் திருப்புவதிலேயே ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும், பாதி ஈயம் மிச்சமாகும்.

புது டயரில் வண்ணப் புள்ளிகள் இருப்பது இதற்காகத்தான். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேரே வைப்பார்கள், ரிம்மில் வால்வு இருக்கும் பக்கம் சற்றே கனம் என்பதால். சிவப்புப் புள்ளி டயரின் அழுத்தம் கூடிய இடம். ரிம்மில் அதன் தாழ்ந்த இடத்தைக் குறித்த அடையாளம் இருந்தால் அதற்கு நேரே சிவப்பு வர வேண்டும், மஞ்சளைக் கவனிக்க வேண்டியதில்லை.

டயர் ரிம்மில் உட்கார்ந்ததா என்பதைக் காட்ட டயரிலேயே ஒரு கோடு உண்டு. ரிம் விளிம்பை ஒட்டிப் பக்கச் சுவரில் மெல்லிய வளையமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால் பீடு, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு, அங்கே ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றடிக்க வேண்டும். பீடு ஏறுவதற்காக 40 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டிக் காற்று ஏற்ற விடாதீர்கள், பீடு கம்பி அறுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எடை சமனாக இருந்தும், டயரின் ஒரு பகுதி மற்ற பகுதிகளைவிட விறைப்பாக இருந்தால், சாலையில் அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை முட்டும். சாதாரண மெஷின் டயரைக் காற்றில்தான் சுழற்றுகிறது, அதனால் இதைப் பிடிக்காது. உருளை ஒன்றை டயர்மேல் அழுத்தி அளக்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின்தான் பிடிக்கும். எல்லா ஊரிலும் இது கிடைப்பதில்லை. கிடைக்காத ஊரில் அந்தச் சக்கரத்தைப் பின்னால் மாட்டிக்கொள்வதே நடைமுறையில் சாத்தியம்.

ஹப்பில் உட்காருவது

இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிப்போகிறார்கள். 15 அங்குல இரும்பு ரிம்மும் டயரும் சேர்ந்து 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் துல்லியமாகப் பூஜ்யம் வாங்கிய அந்தச் சக்கரம், ஹப்பின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ரிம் ஓரத்தில் 42 கிராம் ஈயத்தைத் தப்பான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். 1 மி.மீ. தள்ளினால் 84 கிராம். ஐந்து கிராமுக்காக மெஷினில் மெனக்கெட்டு, மாட்டும்போது எண்பது கிராமைக் கோட்டை விடுகிறோம்.

வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் இது சகஜம். ஸ்விஃப்ட், பலேனோ ஹப்புக்கு உரிய நடுத்துளை 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டிக்கு 56.1. இரண்டுக்குமே நான்கு போல்ட், பி.சி.டி. (போல்ட் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. அதனால் சிட்டியின் ரிம் ஸ்விஃப்டில் அழகாக ஏறிவிடும், ஆனால் நடுவில் 2 மி.மீ. தொளதொளப்பு. பல வண்டிகளுக்கும் பொதுவாக விற்கும் அலாய்களில் துளை 67, 73 மி.மீ. என்று இன்னும் பெரியதாக இருக்கும். நட்டின் கூம்பு முகம் சக்கரத்தை ஓரளவு மையத்துக்கு இழுத்து வரும். ஆனால் ஜாக்கியில் நிற்கும்போது சக்கரத்தின் எடை கீழே தொங்க, ஒரு நட்டை மட்டும் முதலில் ஏர் கன்னால் முழுதாக இறுக்கினால் அந்த இழுப்பும் நடக்காது. இதற்கு ஹப் ரிங் என்ற சிறு வளையம் இருக்கிறது. வெளிவிட்டம் ரிம்மின் துளைக்கும் உள்விட்டம் ஹப்புக்கும் சரியாகப் பொருந்த வேண்டும். அலாய் மாற்றிய நாளிலிருந்து நடுக்கம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

நட்டின் முகமும் முக்கியம். ஹோண்டாவின் கம்பெனி ரிம்முக்கு உருண்டை முக நட். வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். மரையும் வேறு: மாருதியில் 1.25 மி.மீ. பிட்ச், ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாயில் 1.5. கையால் நான்கைந்து சுற்று ஏறாத நட்டை ஸ்பேனர் வைத்து ஏற்றவே கூடாது.

கழற்றிய பிறகு ஹப்பின் முகத்தைப் பாருங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் செதில் செதிலாகத் துரு இருக்கும். 14 செ.மீ. அகல ஹப் முகத்தின் ஓரத்தில் 0.3 மி.மீ. தடிமனுக்கு ஒரு செதில் சிக்கினால், டயரின் ஓரத்தில் அது 1.3 மி.மீ. பக்க ஆட்டமாகிவிடும். வயர் பிரஷ்ஷால் ஹப் முகம், நடுவிலுள்ள கழுத்து, ரிம்மின் பின்முகம் மூன்றையும் தேய்த்துத் துணியால் துடையுங்கள். ஐந்து நிமிட வேலை. கழுத்தில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம். முகத்திலும் போல்ட் மரையிலும் தடவாதீர்கள். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு நட் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதே ஒரு கையால் லேசாக ஆட்டிக்கொண்டு, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பேனரில் பிடியுங்கள். சக்கரம் முகத்தோடு ஒட்டிய பிறகு தரையில் இறக்கி டார்க் ரெஞ்சில் முடியுங்கள். ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டில் இருக்கும். 60 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் வருவது 175-க்கு மேல். ஏர் கன்னில் எவ்வளவு போகிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. இப்படி ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறுகிய நட்டுகள் பிரேக் டிஸ்க்கை நுண்ணளவில் நெளிக்கின்றன. அது உடனே தெரியாது. ஓட ஓட டிஸ்க் ஓரிடத்தில் மட்டும் மெலிந்து, சில மாதம் கழித்துப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறும். கடையில் கன்னை லேசாகப் பிடித்துவிட்டு கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகவே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி டிக்கியில் வைத்திருப்பதும் வீண் செலவல்ல.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே முறுக்கில் ஒரு தடவை சரிபாருங்கள். புது அலாய் என்றால் முதல் தடவை நட் சற்று நகரும், அது இயல்பு. மறுபடி 100 கி.மீ. கழித்தும் நகர்ந்தால் போல்ட் நீண்டிருக்கிறது அல்லது நட்டின் முகம் பொருந்தவில்லை. அந்த போல்ட்டையும் நட்டையும் மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.